இரண்டு கை தூரம்

மஞ்சள் கயிறு காற்றில் நிற்கிறது, விழவில்லை, இன்னும் விழவில்லை, அது கயிறு மாதிரியும் இல்லை, ஒரு உருண்டையாக, குருவி பாதியில் விட்டுப்போன கூடு மாதிரி ஆற்றின் மேலே எழும்பி அங்கேயே நிற்கிறது, அதற்குக் கீழே வெள்ளை நுரை, நுரைக்குள் ஒரு சிவப்பு ஹெல்மட், ஹெல்மட்டுக்குக் கீழே அக்காவின் முகம், அந்த முகத்தில் வாய் திறந்திருக்கிறது, என்னைக் கூப்பிடத் திறந்தாளா மூச்சுக்குத் திறந்தாளா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது, கண்ணை மூடினால் அந்த உருண்டை நிற்கிறது, திறந்தால் எங்கள் வீடான லயத்துக் காம்பராவின் தகரக் கூரை, கூரையில் ஒழுகிய இடத்தில் அம்மா ஒட்டிய தார், மறுபடி மூடினால் மறுபடி அதுவே, விழுந்து தொலைத்தால் போதும் என்றுகூட நினைக்கிறேன், விழ மாட்டேன் என்கிறது. அக்கா என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள், ஒரே பாய், வலது கையை ஒரு தலையணை மேல் தூக்கி வைத்திருக்கிறாள், தோள் கீழே அழுந்தினால் இன்னும் வலிக்குமாம், எட்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்திருக்கிறாள், நாளைக்கு எனக்கு டெஸ்ட், ராஃப்ட் படகில் ஆட்களை ஆற்றில் இறக்கிக்கொண்டு போகும் வழிகாட்டி வேலைக்கான லைசன்ஸ், அதைப் பார்க்க வேண்டும் என்று கொழும்புப் பக்கம் பியகமவில் கார்மென்ட் வேலைக்கு மூன்று நாள் லீவு போட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், ஒன் டெஸ்ட்ட பாக்காம நான் அங்க என்னாத்த தைக்கப் போறேன் குட்டி, என்று சாப்பிடும்போது சொன்னாள், நான் ரொட்டியைச் சம்பலில் திருப்பித் திருப்பித் தொட்டேன், அவளுக்குத் தெரியாது, அவளுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும், அவளுக்குத்தான் தெரியாது.

ரூபினி அவள் பெயர், என்னைவிட ஐந்து வயது பெரியவள், எங்கள் தேயிலைத் தோட்டம் கித்துல்கலைக்கு மேலே சரிவில் இருக்கிறது, கீழே ஆறு, மழைக்காலத்தில் லயத்துக்குள் இருந்தாலே அது உறுமுவது கேட்கும், சின்ன வயதில் அந்தச் சத்தம் பயம், பிறகு அது இல்லாவிட்டால் பயம், கீழே வெள்ளைக்காரர்கள் ரப்பர் படகில் கத்திக்கொண்டு போவதைக் கொழுந்து எடுக்கும் அம்மாக்கள் மேலேயிருந்து பார்த்துச் சிரிப்பார்கள், காசு குடுத்து சாகப் போறாங்க பாரு, என்பார்கள், அக்கா சிரிக்க மாட்டாள், அவள் படகைப் பார்க்க மாட்டாள், படகுக்கு முன்னால் தனியாக ஒரு ஆள் மட்டும் உட்காரும் ஒடிசலான கயாக்கில் போகிறவனைத்தான் பார்ப்பாள், யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்குவதற்காகப் போகிறவன் அவன், பதினெட்டு வயதில், ஆற்றோரத்தில் அந்தப் படகுகளை விடும் கேம்ப்புக்கு லைஃப் ஜாக்கெட் கழுவப் போனாள், ஒரு வருஷத்தில் அந்தக் கயாக்கில் உட்கார்ந்திருந்தாள், எப்படி என்று யாருக்கும் தெரியாது, உபுல் அண்ணனைக் கேட்டால், கேம்ப்பில் அவர்தான் மூத்த வழிகாட்டி, சிங்களவர், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் வளைத்துக்கொண்டவர், நான் காட்டித் தரல, ஆறு காட்டித் தந்தது, என்று கையை விரிப்பார். தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் கயாக்கில் உட்காருகிறவர்கள் இடுப்பில் ஒரு ரப்பர் உறை மாட்டுவார்கள், அதை அக்கா கழுவிக் கொடியில் காயப்போட்ட அன்று அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, என்னாடி இது, பாவாடயா லொறி டயரா, இதக் கட்டிக்கிட்டுப் போனா எவன்டி பொண்ணு கேட்டு வருவான், என்றாள், வர்றவன் நீந்தி வரட்டும்மா, என்றாள் அக்கா, அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு இன்னும் அந்தச் சுவரில் எங்கேயோ இருக்க வேண்டும்.

அவளுக்குப் பின்னால் போகத்தான் நானும் கேம்ப்புக்குப் போனேன், ஸ்கூல் விட்டு வந்து, லீவு நாளில், பழைய உடைசல் கயாக் ஒன்றில், அவள் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை, அதற்குப் பொறுமை கிடையாது, நான் அவள் முதுகைத்தான் பார்த்தேன், முதுகு இடப்பக்கம் சாய்ந்தால் அங்கே பாறை, முதுகு நிமிர்ந்தால் நேர் இறக்கம், முதுகு குனிந்து ஒடுங்கினால் ஆட்டுக்கல் வருகிறது, ஆட்டுக்கல் என்பது நாங்கள் வைத்த பெயர், கேம்ப்பில் அதற்கு வேறு பெயர், இரண்டு பாறைக்கு நடுவே தண்ணீர் விழுந்து, விழுந்த இடத்திலேயே குழித்து, முன்னால் போகாமல் மேல்பக்கமாகத் திரும்பிச் சுழலும் இடம், உள்ளே போன எதையும் அது உடனே விடாது, மாவு மாதிரி சுற்றிச் சுற்றி அரைத்துத்தான் விடும், அதற்கு இடப்பக்கம் ஒரு தட்டைப் பாறை, அங்கே ஒரு ஆள் த்ரோ பேக்கோடு நிற்பார், த்ரோ பேக் என்றால் ஒரு சின்னத் துணிப்பை, உள்ளே மிதக்கிற மஞ்சள் கயிறு, கயிற்றின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு பையை வீசினால் பை பறக்கப் பறக்கக் கயிறு உருவிக்கொண்டே போகும், தண்ணீரில் கிடக்கிறவர் தோளில் விழும், அவ்வளவுதான், போன வருஷம் அந்தப் பாறையில் நிற்கும் வேலை எனக்குக் கிடைத்தது, நன்றாக எறிவேன், தண்ணீர்ப் போத்தலைக் கட்டி மிதக்கவிட்டு எறிந்து பார்த்தால் பத்துக்கு ஒன்பது விழும், எறியத் தெரிந்தது, ஆனால் பையில் கயிற்றை அடைப்பதை எப்போதும் அக்காதான் செய்வாள், இடது கையில் பையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கயிற்றைப் பிடிப்பிடியாக உள்ளே திணிப்பாள், ஒழுங்கே இருக்காது, சாக்கில் பழந்துணி அடைக்கிற மாதிரி, எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

அம்மாவின் கூடைக் கயிற்றைப் பார்த்து வளர்ந்தவள் நான், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் அந்தக் கயிற்றை அம்மா வேலை விட்டு வந்ததும் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே வளையம் வளையமாகச் சுற்றி, கடைசி முனையால் ஒரு கட்டுப் போட்டு, ஆணியில் மாட்டுவாள், நானோ அக்காவோ அதைக் கலைத்துவிட்டால் வசவு விழும், கயித்த அப்டிப் போட்டா காலையில எவ சிக்கெடுக்குறது, ஒங்க அப்பனா கொழும்புலயிருந்து வருவாரு, என்பாள், அதனால் சிக்கில்லாமல் சுருட்டி வைத்த கயிறுதான் நல்ல கயிறு என்பது எனக்குக் கை பழகிய விஷயம், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே இல்லை, அந்தச் சனிக்கிழமை சாயந்தரம் அக்காவுக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது, நனைந்த கயிறு கேம்ப் வாசலில் காய்ந்துகொண்டிருந்தது, நீ போய்ப் படுக்கா, நான் எடுத்து வெக்கிறேன், என்றேன், அவள் போனதும் இருபது மீட்டர் கயிற்றையும் முழங்கையில் சுற்றினேன், வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தன, அப்படியே அலுங்காமல் பைக்குள் இறக்கினேன், பை உப்பாமல் தட்டையாக, புதுசு மாதிரி இருந்தது, நாளைக்குத் திறந்து பார்த்தால் என்ன சொல்வாள், அட குட்டி, என்பாள், தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள், அந்தத் தட்டுக்காகத்தான் செய்தேன், இதை யாரிடம் சொல்வது, அவளுக்குப் பிடிக்கும் என்றுதான் செய்தேன்.

மறுநாள் ஞாயிறு, மேலே அணையில் கரண்டுக்காகத் தண்ணீர் திறக்கும் நேரம் எங்களுக்குத் தெரியும், ஆற்றில் ஒரு கல்லில் வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டிருக்கும், கோடு முங்கினால் இறங்கக் கூடாது, அன்றைக்குக் கோடு பாதி முங்கியும் பாதி முங்காமலும் இருந்தது, உபுல் அண்ணன் யோசித்து, போவம், என்றார், நான் முன்னாலேயே நடந்து போய்த் தட்டைப் பாறையில் நின்றேன், முதலில் அக்கா வந்தாள், குனிந்து, ஒடுங்கி, ஆட்டுக்கல்லின் விளிம்பை உரசிக்கொண்டு போய்க் கீழே திரும்பி நின்றாள், பிறகு ராஃப்ட் வந்தது, ஆறு பேர், வந்த வேகத்தில் பாறையில் ஏறி, ஒரு பக்கம் எழும்பி, பரோட்டாவைப் புரட்டின மாதிரி கவிழ்ந்தது, உபுல் அண்ணன் தண்ணீரிலிருந்தே நாலு பேரைப் பிடித்து ராஃப்ட்டோடு சேர்த்துவிட்டார், ஒருவன் தானாகக் கரையேறினான், ஒரு வயசான அம்மா, தலையெல்லாம் வெள்ளை, ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார், அக்கா சுழலின் ஓரமாக எதிர்த்துத் துடுப்புப் போட்டு ஏறி அவரிடம் போனாள், கயாக் மூக்கைப் பிடியுங்கள் என்று காட்டினாள், அந்த அம்மா பயத்தில் மூக்கை விட்டுவிட்டு அக்காவின் துடுப்பைப் பிடித்தார், இரண்டு கையாலும், கயாக் சாய்ந்தது, அக்கா தலைகீழாகி உருண்டு எழுந்தாள், மறுபடி சாய்ந்து மறுபடி எழுந்தாள், மூன்றாவது தடவை துடுப்பு அவள் கையில் இல்லை, அந்த அம்மாவை ஆறு வலப்பக்கமாகத் தள்ளிக் கொண்டுபோய் மணலில் விட்டுவிட்டது, கயாக்கிலிருந்து கழன்று வெளியே வந்த அக்காவை மட்டும் ஆட்டுக்கல் தன் பக்கம் இழுத்தது, கயிறு எறியக்கூடிய இடத்தில் நான் ஒருத்திதான், அவள் என்னைப் பார்த்தாள், நான் அவள் பெயரைக் கத்தினேன், எறிந்தேன், கை சரியாகத்தான் போனது, பை சரியாகத்தான் கிளம்பியது, ஆனால் உள்ளிருந்து கயிறு உருவிக்கொண்டு வரவில்லை, வளையங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மொத்தமாக, ஒரு உருண்டையாக வெளியே வந்தன, காற்றிலே நின்றன, அவளுக்கு இரண்டு கை தூரம் இந்தப் பக்கம் விழுந்தன, அவள் நுரைக்குள் போனாள், சிவப்பு ஹெல்மட் ஒரு தடவை வந்தது, ஒரு தடவை வந்தது, பிறகு வரவில்லை, நான் எண்ணவில்லை, மூச்சே விடவில்லை, பிறகு ரொம்பக் கீழே, அமைதியான தண்ணீரில், குப்புறக் கிடக்காமல் மல்லாந்து, வந்தாள், உயிரோடு வந்தாள், வலது கை மட்டும் அவளுடையது இல்லாத மாதிரி ஒரு பக்கமாகத் தொங்கியது.

ஆஸ்பத்திரிக்கு த்ரீவீலில் ஏற்றும்போது உபுல் அண்ணன் என்னிடம் திரும்பினார், நங்கி, என்றார், சிங்களத்தில் தங்கச்சி என்று அர்த்தம், கேம்ப்பில் எல்லாருக்கும் நான் நங்கிதான், நங்கி, கயிறு போட்டதா இல்லையா, என்று கேட்டார், போட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாக இன்னொன்றையும் சொன்னது, போட்டேன், கிட்டதான் விழுந்துச்சு, அக்கா புடிக்கல, என்றது, இரண்டு சொல், அக்கா புடிக்கல, அவர் தலையை ஆட்டினார், தண்ணியில அப்பிடித்தான், பயந்தா கை திறக்காது, என்றார், அன்று சாயந்தரம் கக்கூசுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தக் கயிற்றின் சிக்கை எடுத்தேன், ஒவ்வொரு வளையமாக, விரல் நகம் பிய்ந்தது, எடுத்து முடித்து, அக்கா மாதிரியே, ஒழுங்கில்லாமல், பிடிப்பிடியாகப் பைக்குள் திணித்தேன், யாரும் எதையும் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரியில் அக்கா என்னிடம், கயிறு வந்திச்சில்ல குட்டி, மஞ்சளா ஒண்ணு வந்திச்சு, பாத்தேன், என்றாள், வந்திச்சு, என்றேன், அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையோடுதான் அவள் ஆற்றை விட்டாள், தோளால் இல்லை, டாக்டர் ஆறு மாதத்தில் சரியாகும் என்றுதான் சொன்னார், தோளை எல்லாரிடமும் காரணமாகச் சொன்னாள், என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள், நாளைக்கி எவனாவது என் கைய நம்பித் தண்ணியில கெடப்பான், அப்ப இது தொறக்கலன்னா என்னா செய்றது, என்றாள், பியகமவுக்குப் போனாள், மெஷினில் காற்சட்டைப் பை தைத்தாள், ஒவ்வொரு நாளும் வேலை விட்டதும் போன் எடுப்பாள், சாப்பிட்டியா என்று கேட்க மாட்டாள், இன்னைக்கி தண்ணி எப்டி, என்பாள், கோடு முங்கிச்சா, என்பாள், பிறகு, குட்டி, ஆத்துப் பக்கம் போனக் கொஞ்சம் புடியேன், என்பாள், நான் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடி இறங்கி, பாறையில் நின்று, போனை ஆட்டுக்கல்லின் பக்கம் நீட்டிப் பிடிப்பேன், கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அங்கே ஐம்பது பொம்பளைகள் தங்கும் ஒரு போர்டிங்கில், மேல் கட்டிலில், காதோடு ஒட்டி அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள், ரெண்டு பேரும் பேச மாட்டோம், ஆறு பேசும், பிறகு, சரி வை, காசு போகுது, என்பாள், குரல் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும், ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், அக்கா ஒன் கை தொறந்துச்சுக்கா, கயிறுதான் வரல, அவ்வளவுதான், ஏழு சொல்கூட இல்லை, போனைக் காதுக்குக் கொண்டு வருவதற்குள் அது பெரிதாகிவிடும், சொன்னால் அவள் திரும்பி வருவாள், சொன்னால் அவளுக்கு நான் இல்லாமல் போவேன், இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது.

அவள் கயாக் எனக்கு வந்தது, அவள் லைஃப் ஜாக்கெட், அவள் ஹெல்மட், உள்ளே அவளுடைய ஷாம்பூ வாசம் ரெண்டு மாதம் இருந்தது, பிறகு ஆற்று வாசம் மட்டும், கயாக்கின் உள்ளே கால் உதைத்துக்கொள்ளும் கட்டை இருக்கும், ஆளின் உயரத்துக்கு அதை முன்னால் பின்னால் நகர்த்தலாம், அவள் கால் நீளம், என் விரல் நுனிதான் கட்டையைத் தொடும், உபுல் அண்ணன் எத்தனையோ தடவை, நங்கி, அதை இழுத்து வைச்சுக்கோ, சறுக்கும், என்றார், நான் நகர்த்தவில்லை, எட்டி எட்டி உதைத்தே ஓட்டினேன், இறக்கத்தில் எனக்கு முன்னால் ஒரு முதுகு இருக்கும் என்று கண் தானாகத் தேடும், வெறும் தண்ணீர் இருக்கும், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாது, எல்லாப் பக்கமும் சாயும், இப்போது இந்தப் பாயில் அந்த முதுகு எனக்கு ஒரு முழத்தில் இருக்கிறது, மூச்சில் ஏறி இறங்குகிறது, தொட்டுவிடலாம், தொடவில்லை, நாளைக்கு டெஸ்ட்டில் தட்டைப் பாறையில் நின்று நான் கயிறு எறிவேன், தண்ணீரில் குதிக்கும் ஆளைப் பிடிப்பேன், எல்லாரும் கை தட்டுவார்கள், அவளும் தட்டுவாள், தட்டிவிட்டுத் தன் கையைப் பார்ப்பாள், தங்கச்சி கயிறு எப்படி விழுகிறது பார், இதையா நான் விட்டேன் என்று நினைப்பாள், பிறகு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவாள், இனி போனில் ஆற்றைக் கேட்கக்கூட மாட்டாள், அதை நினைத்ததும் வெளியே போய் வாந்தி எடுத்தேன், வந்து படுத்தேன், கயிறு காற்றிலேயே நின்றது.

விடிந்ததும் பீலிக்குப் போனோம், மலையிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் விழும் இடம், லயத்துக்கெல்லாம் அதுதான் குளியல், யாரும் இன்னும் வரவில்லை, அக்கா வாளியை இடது கையால் பிடித்திருந்தாள், வலது கையை இடுப்பில் சும்மா வைத்திருந்தாள், நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துச் சொன்னேன், அக்கா, அன்னிக்கி கயிறு ஒங்கிட்ட வரல. எந்தக் கயிறு, என்றாள். ஆட்டுக்கல்லுல, நான் எறிஞ்சது. வாளி நிரம்பியது, நான் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும், சனிக்கிழமை சாயந்தரத்திலிருந்து கக்கூசுக்குப் பின்னால் சிக்கெடுத்தது வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னேன், உபுல் அண்ணனிடம் சொன்ன அந்த இரண்டு சொல்லையும் சொன்னேன், வாளி வழிந்து எங்கள் காலெல்லாம் தண்ணீர். சுருட்டியா வெச்ச, என்று கேட்டாள். ம். அம்மா கூடைக் கயித்த சுருட்டுற மாதிரி. ம். ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு, சிரிப்பே இல்லாத சிரிப்பு, எவ்ளோ கொறஞ்சிச்சு, என்றாள். ரெண்டு கை, என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தாள், வலது கை பாதியில் நின்றுவிட்டது, அதையே பார்த்துக்கொண்டு, இவ்ளோவா, என்றாள், குரல் உடைந்தது, எட்டு மாசம்டி, மெஷின்ல துணி தள்ளுறப்பல்லாம் இந்தக் கையத்தான் பாப்பேன், ஏன்டி சனியனே தொறக்கலன்னு கையக் கேப்பேன், பக்கத்து மெஷின்காரி எனக்குப் பைத்தியம்னு சூப்பவைசர்கிட்ட சொல்லிட்டா, என்றாள், பிறகு என்னை அறைந்தாள், இடது கையால், கணக்குத் தவறிக் காதில் விழுந்தது, உள்ளே ஆறு இரைகிற மாதிரி இரைந்தது, நான் அழவில்லை, அவள்தான் அழுதாள். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, உபுல் அண்ணங்கிட்ட நீயே சொல்லு, டெஸ்ட்டுக்கு முன்ன சொல்லு, முடிஞ்சப்பறம் சொன்னேன்னா நான் ஒன்கூடப் பேசவே மாட்டேன், என்றாள்.

உபுல் அண்ணன் ராஃப்ட்டுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார், பம்ப்பை மிதித்தபடியே நான் சொன்னதைக் கேட்டார், பாதியில் மிதிப்பதை நிறுத்தினார், நங்கி, கயிறு பிழையா வைச்சது உன் பிழை இல்ல, எறிய சொல்லித் தந்தேன், அடைக்க சொல்லித் தரல, அது என் பிழை, என்றார், ஆனா பொய், என்று ஆரம்பித்து ஆற்றைப் பார்த்தார், நாளைக்கி ஆள் ஒண்ணு தண்ணியில போறது, நீ மேலே இருந்து சொல்றது, கயிறு சரின்னு, எனக்கு எப்பிடி நம்புறது, இந்த சீசன் டெஸ்ட் இல்ல நங்கி, கயாக்கும் வாணாம், ஜாக்கெட் கழுவு, அடுத்த வருஷம் பாப்பம், என்றார், அதட்டிச் சொல்லவில்லை, நான் ஹெல்மட்டைக் கழற்றி அவர் பக்கத்தில் வைத்தேன், தலை ரொம்ப லேசாக இருந்தது, வீட்டுக்குப் போகத் திரும்பினேன். அக்கா கேம்ப் வாசலில் நின்றாள், உள்ளே வந்து அந்த ஹெல்மட்டை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள், உபுல் அண்ணே, நான் ஆட்டுக்கல்லுக்கு மேல குதிக்கிறேன், நீந்தி வர்றேன், என்றாள். தோள், என்றார் அவர். தோளு என்னோடது, என்றாள். கயிறு யாரு. இவதான். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், அவர் கண்ணில் என்ன ஓடியது என்று தெரியாது, வெள்ளைக் கோட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், கோடு நல்லா வெளியே இருக்கு, என்றார், நான் கீழே இன்னொரு கயிறோட நிக்கிறது, ஒரு தரம்தான் ரூபினி, என்றார்.

தட்டைப் பாறையில் அக்கா என் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தாள், பையிலிருந்து கயிறு முழுவதையும் உருவி என் மடியில் போட்டாள், அடை, நான் பாக்குறேன், என்றாள், பிடிப்பிடியாகத் திணித்தேன், ஒன்றின் மேல் ஒன்று, கோணலாக, பை ஒரு பக்கம் வீங்கியது, அசிங்கமா இருக்குக்கா, என்றேன், இருக்கட்டும், என்றாள், எழுந்து நடந்தாள், தலையில் தட்டவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, பாறைகள் வழியே மேலே போகிறாள், முதுகு சின்னதாகிறது, வளைவில் மறைகிறது, ஆறு இரைகிறது, எனக்குள்ளே ஒரு குரல், அவள் குதிக்காமல் இருக்க வேண்டும் என்கிறது, இன்னொரு குரல், குதித்துவிடு அக்கா சீக்கிரம் குதித்துவிடு என்கிறது, எது நான் என்று தெரியவில்லை, அதற்குள் சிவப்பு, நுரையின் நடுவே சிவப்பு, கால் முன்னால் நீட்டி மல்லாந்து வருகிறாள், வேகம், நினைத்ததைவிட வேகம், ஆட்டுக்கல் அவளைத் தன் பக்கம் திருப்புகிறது, அவள் என்னைப் பார்க்கிறாள், வாய் திறந்திருக்கிறது, இந்தத் தடவை கேட்டது, குட்டி, என்றாள், எறிந்தேன். பை போனது, போய்க்கொண்டே இருந்தது, அதற்குப் பின்னால் கயிறு நீண்டது, நீண்டது, ஒரு சிக்கு இல்லாமல் வெயிலில் மஞ்சளாக ஒரு கோடு, என் கையிலிருந்து ஆற்றின் குறுக்கே, எட்டு மாதமாகக் காற்றில் நின்ற ஒன்று கடைசியில் விழுகிற மாதிரி, அவள் நெஞ்சின் மேல் விழுந்தது, வலது கை தோளுக்கு மேலே எழும்பாது, எழும்பத் தேவையும் இல்லை, நெஞ்சின் மேலேயே அந்தக் கை திறந்தது, ஐந்து விரலும் விரிந்ததைப் பார்த்தேன், மூடியதைப் பார்த்தேன், உடனே கனம், ஒரு ஆளின் கனம், ஆற்றின் கனம், என்னைப் பாறையோடு இழுத்தது, உட்கார்ந்து குதிகாலை ஊன்றினேன், உள்ளங்கை எரிந்தது, அவள் வட்டமாக வீசிக்கொண்டு ஆட்டுக்கல்லைத் தாண்டினாள், கரையை நோக்கி வந்தாள், கூழாங்கல்லில் முழங்கால் தட்டி நின்றாள், கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், இருமினாள், மெதுவா இழு பேயே, தோளு, என்றாள், கீழே உபுல் அண்ணன் எறியாத கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்து நின்றார். கயிறு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே விறைப்பாக இருந்தது, தண்ணீர் சொட்டியது. விடுக்கா, கரை வந்துருச்சு, என்றேன். நீ விடு மொதல்ல, என்றாள். நான் விடவில்லை.